ஒரு பிடி மண்ணும் அரசாணையும்

அறம் ஆணையினால் விளையுமா? இக்கேள்வியை ஆராயப் புகும் நமக்கு ஜப்பானிய அரசவையின் பழைய வரலாறு நல்லதொரு துணையாகும்.

கி.பி. 710-ல் நாரா அந்நாட்டின் தலைநகராயிற்று. ஷோமு சக்கரவர்த்தியின் ஆட்சியில், 735 முதல் 737 வரை பெரியம்மை நோய் குடிகளை வாரிக்கொண்டு சென்றது. துயருற்ற மன்னர் 741-ல் மாகாணந்தோறும் விகாரை அமைக்கக் கட்டளையிட்டார்; 743-ல் வைரோசன புத்தரின் மாபெரும் வெண்கலத் திருவுருவை வார்க்கச் சங்கற்பம் செய்துகொண்டார்.

அவ்வாணையில் மன்னர் கூறியதன் கருத்து யாதெனில், செல்வமும் அதிகாரமும் தம்மிடம் உள்ளமையால் உருவை ஆக்குதல் எளிது, அதன் உட்பொருளை எய்துதலே அரிது என்பதாம். ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொணரும் எளியவனையும் ஏற்க வேண்டும். இதைச் சாக்கிட்டு அதிகாரிகள் குடிகளை வருத்தலாகாது என்றும் அவர் விதித்தார். நன்மொழியே. ஆயினும் அதிகாரம் முழுவதும் ஒருவரிடமே இருக்கையில், அவர் கேட்பதை இல்லையென்று சொல்லத் துணிபவன் யார்?

கியோகி என்னும் பிக்குவை நோக்குவோம். பாமர மக்களிடையே சென்று போதித்த குற்றத்திற்காக 717-ல் அரசவை அவரைக் கண்டித்தது. அவரோ மக்களுடன் கூடிப் பாலங்களும் ஏரிகளும் அமைத்தார். அவரிடம் ஆணையில்லை, படையில்லை. மக்கள் மனமுவந்து வந்தனர். பின்னர் அதே அரசவை திருவுருவப் பணிக்கு அவர் துணையை நாடி, 745-ல் தலைமைப் பிக்குவாக உயர்த்தியது. 749-ல் அவர் மறைந்தார். 752-ல் இந்தியத் துறவி போதிசேனர் திருவுருவிற்குக் கண் திறந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 757-ல் சதிக்குற்றம் சாட்டப்பெற்ற நாரமாரோ என்னும் பிரபு, அக்கோயிற் பணியால் மக்கள் துன்புற்றனர் என்று விசாரணையில் உரைத்தார்.

கோயில் இன்றும் நிற்கின்றதே, பயன் நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். பயன் நன்றாயினும் பிறன் முதுகின் வலி நம் புண்ணியமாகாது. மறுக்க இயலாதவன் தருவது வரி. மறுக்க வல்லவன் விரும்பித் தருவதே தானம். ஒரே பிடி மண்தான். வெண்கலத்திற்கு வேற்றுமை தெரியாது, மனத்திற்குத் தெரியும். எண்ணமே வினை என்று பகவன் புத்தர் போதித்ததன் பொருளும் இதுவே.

ஆகையால் அன்பர்களே, நற்பணிக்கு நாம் நன்கொடை கேட்கும்போது முதலில் ஒன்றை உறுதி செய்வோமாக: நம் முன் நிற்பவர் அச்சமும் நாணமுமின்றி 'இயலாது' என்று சொல்லிச் செல்ல வழியிருக்கட்டும். அவ்வழி திறந்திருக்கும் இடத்திலேதான் தானம் பிறக்கின்றது.