வாளும் திருநீறும்

போர்த்தொழில் செய்பவன் அடியவனாக இருக்க முடியுமா என்ற கேள்விக்குச் சைவ மரபில் கூர்மையான சான்று பரஞ்சோதியார். வாதாபியை அழித்த தளபதி இவர். அந்தப் போரை வரலாற்றாசிரியர்கள் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் 642ஆம் ஆண்டுப் படையெடுப்புடன் இணைக்கின்றனர். யானையும் குதிரையும் பொன்னும் மணியும் அரண்மனையில் வந்து குவிந்த பிறகே, தளபதி சிவனடியார் என்பதை அமைச்சர்கள் சொல்லி மன்னன் அறிகிறான். சேக்கிழார் காட்டும் மன்னன் பதறிப்போகிறான். அடியவரைப் போர்முனைக்கு அனுப்பிய பிழைக்கு மன்னிப்பு வேண்டி, படைப்பணியிலிருந்து விடுவிக்கிறான்.

செங்காட்டங்குடி திரும்பியவர் அடியார்க்கு அமுதிட்டுச் சிறுத்தொண்டரானார். வாள் அங்கும் விடவில்லை. பைரவ வேடத்தில் வந்த இறைவன் கேட்டது பிள்ளைக்கறி. களத்தில் பிறர் பிள்ளைகளை வெட்டிய கை, வீட்டில் தன் மகன் சீராளனையே அரிந்தது. பிள்ளை உயிரோடு மீண்டான் என்றாலும் அந்தக் கணத்தின் கொடுமை படிப்பவர் மனத்தை விட்டு அகலாது.

திருத்தணி வேறு விடை சொல்கிறது. சூரனோடு பொருத முருகனின் சினம் தணிந்த மலை அது. கந்தசஷ்டியில் மற்றத் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே முருகனுக்குக் கூடை கூடையாகப் பூச்சொரிந்து புஷ்பாஞ்சலி செய்கிறார்கள்.