இன்னும் ஓராண்டு



காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இன்னும் ஓராண்டு விடுங்கள் என்கிறார் தோட்டக்காரர். லூக்கா நற்செய்தியின் இந்த உவமை பென்னாகரத்துக்காரர்களாகிய உங்களுக்குப் புரியும். புளியங்கன்று நட்டவர் மறுவருடமே பழம் கேட்பதில்லை.

பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வளர்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இந்தப் பொறுமையை நமக்குக் காட்டும், அதைவிட மிகச் சிறிய ஒரு வண்டைப் பற்றிச் சொல்கிறேன். முருங்கையில் பிசின் வடிவதுபோல, குங்கிலிய மரக் குடும்பத்து மரங்களில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வடிந்த பிசின் மண்ணுக்குள் இறுகி அம்பராகி, குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கிறது. அதில் அகப்பட்டிருந்த வண்டு ஒன்றை ஜோசப் பார்க்கர், டேவிட் கிரிமால்டி என்ற இரு அறிஞர்கள் 2014-இல் அறிவித்தார்கள். பெயர் புரோட்டோகிளாவிகர். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வயது சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டு.

அதன் இன்றைய உறவுகள் எறும்புகளின் கூட்டில் வாழ்கின்றன. அவற்றின் மயிர்க்கற்றையில் ஊறும் சுரப்பை எறும்புகள் நக்கும். வாயோடு வாய் வைத்து உணவும் ஊட்டும். அவற்றின் வயிற்றுத் தகடுகள் ஒன்றாய் ஒட்டிப்போனவை. அம்பர் வண்டுக்கோ மயிர்க்கற்றை வந்துவிட்டது. தகடுகள் இன்னும் ஒட்டவில்லை. அதனால்தான் அது பரிணாமத்தின் இடைநிலைக்கு அரிய சாட்சி. அதைக் குறைப்பிறவி என்று யாரும் ஒதுக்கவில்லை. தன் காலத்தில் அது முழுமையாக வாழ்ந்த உயிர்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டு விசுவாசிகள் அஞ்ச வேண்டாம். அது வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இலேயே கூறினார். ஒரு மில்லிமீட்டர் வண்டினம் மாறுவதற்குக் கோடி ஆண்டுகளைக் கொடுத்தவர் நம் கடவுள். நாமோ ஒரு மனிதருக்கு ஓராண்டு கொடுக்க மறுக்கிறோம்.

பத்தாம் வகுப்பில் தவறிய மகள், குடியை விட முயன்று மறுபடி விழுந்த தம்பி, வந்த வீட்டில் இன்னும் ஒட்டாத மருமகள். இவர்களைப் பார்த்து 'இது தேறாது' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! இந்த வாரம் அந்தச் சொல்லை நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கொத்துவதும் எரு போடுவதும் நம் வேலை. காய்க்கும் காலத்தை ஆண்டவர் அறிவார். ஆமென்.