18 நிமிஷக் கடன்

2023 நவம்பரில் நானும் மனைவியும் ஜப்பான் போயிருந்தோம். மகனுக்கு டோக்கியோவில் வேலை. 'கோயில், புல்லட் ரயில் எல்லாம் எல்லாரும் பார்த்துட்டுப் போறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஓடிட்டுப் போங்க' என்று, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு சின்ன ஊரின் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டான்.

எனக்கு அறுபது. அவளுக்கு ஐம்பத்தாறு. சென்னையில் தினமும் காலையில் ஓடுகிறவர்கள்தான். ஆனால் சேர்ந்து இல்லை. அந்த தூரத்தை நான் 68 நிமிஷத்தில் முடித்துவிடுவேன். அவளுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

''அங்கேயாவது சேர்ந்து ஓடுவோமா?'' என்றாள்.

''அதுக்கென்ன, ஒண்ணாவே ஓடலாம்'' என்றேன் தாராளமாக.

இந்த மாதிரி வாக்குறுதிகள் எல்லாம் மூன்றாவது கிலோமீட்டர் வரைக்கும்தான் தாங்கும்.

ஜப்பானிய ஓட்டங்களில் ஒரு கறாரான ஏற்பாடு உண்டு. வழியில் அங்கங்கே 'கன்மோன்' என்று எல்லை வைத்திருப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அதைத் தாண்டாவிட்டால், உங்கள் ஓட்டம் அங்கேயே முடிந்தது. பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். டோக்கியோ மாரத்தான் மாதிரி பெரிய ஓட்டங்களிலும் இதே விதிதான். எங்களுக்கு ஏழாவது கிலோமீட்டரில் கன்மோன். 65 நிமிஷத்துக்குள் தாண்ட வேண்டும்.

தெருவோரம் பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முன்பின் தெரியாத எங்களைப் பார்த்து 'கன்பத்தே, கன்பத்தே' என்று கைதட்டினார்கள். விடாதே, முயற்சி பண்ணு என்று அர்த்தமாம். நான் பாட்டிகளைப் பார்க்கவில்லை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

''எத்தனை தடவைதான் பார்ப்பீங்க?''

''சும்மா டைம் பார்த்தேன்.''

''நீங்க வேணா முன்னாடி போங்க. நான் வந்துடுவேன்.''

''சேச்சே. உனக்காகத்தானே மெதுவா வர்றேன்.''

அவள் பதில் சொல்லவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில், மூச்சு வாங்க, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

''அந்த 'உனக்காகத்தான்' இருக்கே... அதை இங்கேயே போட்டுட்டு வாங்க. ரொம்பக் கனமா இருக்கு. அதையும் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியலை.''

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. விட்டுக் கொடுப்பவனுக்கு ஒரு நன்றிகூடக் கிடையாதா?

கன்மோனை ஒன்றரை நிமிஷ மிச்சத்தில் தாண்டினோம். 1 மணி 26 நிமிஷத்தில் ஓட்டத்தை முடித்தோம். கோட்டைத் தாண்டின கையோடு, பெயரும் நேரமும் அச்சடித்து ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். காத்திருந்த மகனிடம் நான் சொன்ன முதல் வாக்கியம்: ''உங்கம்மாவுக்காக 18 நிமிஷம் விட்டுக் கொடுத்தேன்டா!''

மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில் மகன் தூங்கிவிட்டான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: ''1998-ல எனக்கு ஆபீஸர் ப்ரமோஷன் வந்துச்சே, மதுரைக்கு. ஞாபகம் இருக்கா?''

எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மங்கலாக வந்தது. பையன் யு.கே.ஜி. என் அம்மா படுத்த படுக்கை. எனக்கு அப்போதுதான் வேலையில் ஏறுமுகம். 'நீயே யோசிச்சு முடிவு பண்ணு' என்று பெரிய மனசோடு சொன்ன நினைவு. அவள் யோசித்தாள். வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

''இப்ப எதுக்கு அது?'' என்றேன்.

''கணக்கு கேக்கலை. நீங்க 18 நிமிஷம்னு சொன்னீங்களா, அதான் ஞாபகம் வந்துச்சு.''

ஜப்பானின் மாரத்தான் முன்னோடி ஷிசோ கனகுரியின் கதையைப் படித்திருப்பீர்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் கடும் வெயிலில் மயங்கிப் பாதியில் நின்றுபோனார். ஒரு வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்துத் தேற்றினார்கள். அவமானத்தில் அதிகாரிகளிடம் சொல்லிக்கொள்ளாமலேயே ஊர் திரும்பிவிட்டார். 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அவரைக் கூப்பிட்டு மிச்சத்தை ஓடச் சொன்னார்கள். 75 வயதில் கோட்டைத் தாண்டினார். 54 வருஷம், 8 மாசம், 6 நாள், சொச்சம் மணி, நிமிஷம், விநாடி வரைக்கும் கணக்குப் பார்த்து அறிவித்தார்கள். நீண்ட பயணம்தான், நடுவில் கல்யாணமாகி ஆறு குழந்தைகளும் பத்துப் பேரக் குழந்தைகளும் பிறந்துவிட்டன என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகச் சொல்வார்கள்.

எத்தனையோ தடவை ரசித்துச் சொன்ன கதை. அந்த ரயிலில்தான் முதல் தடவையாக ஒரு கேள்வி வந்தது. அந்த 54 வருஷத்தில், ஆறு குழந்தைகளைப் பெற்ற அந்த அம்மாளின் நேரம் எவ்வளவு? அதை யார் விநாடி சுத்தமாக அறிவித்தார்கள்?

நாம் விட்டுக் கொடுப்பதற்கெல்லாம் நம்மிடம் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. நமக்காக விட்டுக் கொடுக்கப்பட்டதை அளக்கக் காலண்டர்கூட இல்லை.

'குடும்பத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வாங்கிக்கொண்டவர்கள், கொடுத்தவர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். கடன் வாங்கினவனே 'நமக்குள்ளே என்ன சார் கணக்கு' என்று தோளில் கை போடுவது மாதிரி.

அதற்காக எல்லாவற்றையும் எழுதி வைத்து வட்டி கேட்கவும் முடியாது. சொல்லிக் காட்டின அந்த நிமிஷமே விட்டுக் கொடுத்தது கடனாக மாறிவிடுகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் அவளுக்குக் கனத்தது அதுதான். பக்கத்தில் புருஷன் வருகிறான் என்று நினைத்தாள். கடன்காரன் வந்துகொண்டிருந்தான்.

அப்படியானால் கணக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நோட்டு கை மாற வேண்டும். கொடுத்தவர் மறந்துவிடலாம். வாங்கினவர் எழுதி வைக்க வேண்டும். நாம் இத்தனை காலமும் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ரயிலில் அவளிடம் கேட்டேன்: ''அப்புறம் ப்ரமோஷன் எப்ப கிடைச்சுது?''

''2007-ல. இதுகூடத் தெரியாதா?''

ஒன்பது வருஷம். என் 18 நிமிஷத்துக்கு அவள் ஒருதடவைகூட அந்த ஒன்பது வருஷத்தைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் கேட்டதனால்தான் சொன்னாள்.

ஜப்பான் சான்றிதழைச் சென்னை வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் 'அட, அறுபது வயசுலயா!' என்கிறார்கள். முன்பக்கம் 1 மணி 26 நிமிஷம் என்று இருக்கிறது. பின்பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி, நான் பேனாவால் எழுதியிருக்கிறேன்: '1998 - 2007. மதுரை.'

அவளுக்கு இது தெரியாது. இந்த வாரம் இதைப் படித்தால் தெரிந்துவிடும்.