முதல் மரியாதை யாருக்கு?

2024 ஆகஸ்டில் பைத்தான் நிரல்மொழியின் மூத்தவர்களில் ஒருவரான டிம் பீட்டர்ஸ், அம்மொழியை வளர்க்கும் மையக் குழுவிலிருந்து மூன்று மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். பைத்தானின் போக்கை எடுத்துச் சொல்லும் பத்தொன்பது வரி நீதிமொழிகளை எழுதியவர் அவர். தரவுகளை வரிசைப்படுத்த 2002இல் அவர் வகுத்த டிம்சார்ட் முறை ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நிர்வாக விதிகளைத் திருத்துவது பற்றிய விவாதத்தில் அவர் எழுதிய விதம் நடத்தை நெறிக்கு ஒவ்வாதது என்று வழிநடத்தும் குழு முடிவு செய்தது. அத்தனை பெரியவரை இப்படி நடத்தலாமா என்று ஒரு சாரார் கொதித்தார்கள். ஆள் யாரானாலும் நெறி நெறிதான் என்று மறுசாரார் நின்றார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியா, தவறா என்பது இங்கே வழக்கில்லை. மனத்தை உறுத்துவது வேறு. மூத்தவரின் உரிமையும் குழுவின் அதிகாரமும் பேசப்பட்ட அளவுக்கு, நேற்று வந்து சேர்ந்து முதல் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நடத்தை நெறி யாருக்காக எழுதப்படுகிறது? முதலில் அவருக்காகத்தான். திருவிழாவில் முதல் மரியாதை ஊர்ப் பெரியவருக்கு என்பது வழக்கமாக இருக்கட்டும். கற்பவர்கள் கூடிய இடத்தில் அது கடைசியாக உள்ளே வந்தவருக்கே உரியது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரை ஒட்டிய திருப்புலிவனம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். சொந்தக் கணினி இல்லை, பயிற்சியெல்லாம் செல்போனில்தான். ‘இஃப்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி இட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நிரல் ஓடவில்லை. இரவு பத்து மணிக்கு, ஆங்கிலத்தில் நாலு வரியை இரண்டு முறை அழித்து எழுதி, ஒரு குழுவில் கேட்கிறாள். “முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா” என்று ஒரே வரியில் பதில் வருகிறது. கீழே இரண்டு சிரிப்புப் பொம்மைகள். அவள் சண்டை போட மாட்டாள். புகாரும் எழுத மாட்டாள். சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவாள். நெறியை மீறிய பெரியவரின் பெயராவது ஆவணத்தில் ஏறும். விலகிப் போன இந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. அறம் வருந்த வேண்டிய இழப்பு இதுதான்.

இதே பிழைக்குப் பைத்தான் மொழியே முன்பு “தொடரமைப்பு செல்லாது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பிலிருந்து “முக்காற்புள்ளி எதிர்பார்க்கப்படுகிறது” என்று தெளிவாக எடுத்துச் சொல்கிறது. புதிதாகக் கற்பவரை மனத்தில் வைத்துச் சிலர் உட்கார்ந்து உழைத்ததால் வந்த பக்குவம் அது. இயந்திரத்துக்கே சொல்லிக் கொடுத்த பக்குவத்தை மனிதர்கள் மறந்தால் எப்படி?

கடுமை இருந்தால்தான் தரம் நிற்கும் என்ற வாதம் நெடுநாளாக உண்டு. அதற்கு விடையும் கிடைத்துவிட்டது. 2018 செப்டம்பரில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மின்னஞ்சல்களின் கடுமைக்காக எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். அதே நாட்களில் லினக்ஸ் கருநிரல் திட்டம் புதிய நடத்தை நெறியை ஏற்றது. அதனால் லினக்ஸ் சரிந்துவிடவில்லை. உலகின் சர்வர்களிலும் நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் அதே உறுதியோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ் மரபுக்கு இது புதிய பாடமும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியபோது, எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்லும் முன்பே பாயிரத்தில் ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்தார். கற்பிப்பவர் அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, கேட்பவரின் கொள்ளளவு அறிந்து மலர்ந்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்றார். ஆகாத ஆசிரியரை நான்கு உவமைகளால் காட்டினார். இட்ட முறை மாறிக் கொட்டும் கழற்குடம். தானாகக் கொடுத்தால் உண்டு, நெருங்கி எடுக்க விடாத மடற்பனை. திணிப்பதும் கடினம், எடுப்பதும் கடினம் என்றிருக்கும் பருத்திக் குண்டிகை. நீர் ஊற்றியவர் ஒருவராக இருக்க, வேறொருவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. அறிவு நிறைய இருந்தும் அருகே வருபவரை மட்டையின் கருக்கால் கீறுகிற நிபுணர் மடற்பனைதான். எண்ணூறு ஆண்டுக்கு முன் எழுதிய நடத்தை நெறி இது.

வள்ளுவரும் இனியவை கூறலுக்கு ஒரு தனி அதிகாரம் கொடுத்தார். இனிய சொல் கையில் இருக்கும்போது கடுஞ்சொல் சொல்வது, கனி இருக்கக் காயைத் தின்பது போன்றது என்றார். தீயால் பட்ட புண் ஆறும், நாவால் பட்ட வடு ஆறாது என்றார். கற்றதைப் பிறர் உணர விரித்துச் சொல்லத் தெரியாதவரை மணமில்லாத பூங்கொத்துக்கு ஒப்பிட்டார். கற்றதை விரித்துச் சொன்னவருக்கும் நம் மரபில் சான்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சியில் கற்ற ராமாநுஜர், எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. அத்தனை முறை அலைந்து பெற்றதை, வெளியே சொன்னதற்காகத் தாம் நரகம் போனாலும் சரி என்று, கோயிலின் மேலேறி நின்று எல்லாருக்கும் சொன்னார். தான் பட்ட பாட்டை அடுத்தவனும் படட்டும் என்று நினைப்பது சிறுமை. தன்னோடு அது முடியட்டும் என்று நினைப்பதே பெருமை.

மறுபக்கமும் உண்டு. பதில் சொல்கிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வதில்லை. அதே கேள்வி நூறாவது முறை வரும்போது சலிப்பு தட்டும். வீட்டுப்பாடத்தை முழுசாக முடித்துத் தரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். செல்வர் முன் வறியவர் போலத் தாழ்ந்து நின்று கற்க வேண்டும் என்று வள்ளுவர் மாணவருக்கும் சொன்னதுண்டு. ஆனால் சலிப்பு வந்தால் பேசாமல் அடுத்தவருக்கு விடலாம். கையேட்டில் இன்ன பக்கம் என்று காட்டலாம். இழிவுபடுத்தித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை.

நெறியை எழுதிவிட்டால் மட்டும் போதாது. அதைக் காப்பவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். 2021 நவம்பரில் ரஸ்ட் நிரல்மொழியின் நடத்தை நெறியைக் காத்து வந்த குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லும் கடமை இல்லாமல் தன்னை உயரத்தில் வைத்துக்கொள்கிறது, அதன்மேல் நெறியைச் செலுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்த நோய்க்கு மருந்து திருப்புலிவனத்தின் பக்கத்து ஊரிலேயே கல்லில் வெட்டிக் கிடக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று விரிவாக வகுக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். அந்தச் சபையின் வாசல் குறுகியது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கே திறந்தது. அந்தக் குறையோடுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வேதம் கற்ற பெரியவர்கள் சூழ்ந்திருக்க, குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் பொறுப்பை அவர்கள் விட்டது ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் கையில். சபையின் நேர்மைக்கு அளவுகோல் ஒன்றும் தெரியாத அந்தப் பிள்ளையின் கைதான். ஒரு மொழிச் சமூகத்தின் நேர்மைக்கும் வேறு அளவுகோல் தேவையில்லை.

செய்ய முடியாததை யாரும் கேட்கவில்லை. இதே மாவட்டத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியே கூடித் தமிழிலேயே பேசுகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. எளிய தமிழில் நிரலாக்க நூல்களை இலவசமாகத் தருகிறது. மணிமேகலை அமுதசுரபியோடு காஞ்சிக்கு வந்து பசித்தவர்க்குச் சோறிட்டாள் என்பது காப்பியம். அறிவுப் பசியோடு வருகிறவர்க்கு இட இன்றும் அதே மண்ணில் கைகள் இருக்கின்றன.

திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலில் குருவாக அமர்ந்தவருக்குச் சிம்ம தட்சிணாமூர்த்தி என்று பெயர். கற்றறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சிங்கம் உண்டு. அது குருவிடம் அடங்கியிருக்கும் வரை அவருக்கு அழகு. கேள்வி கேட்க வந்தவர்மேல் அது பாய்கிற நாளில், கற்றதெல்லாம் வீண். கற்றவர்களே, சிங்கத்தை அடக்குங்கள். கேள்வி சிறிது என்று எண்ணாதீர்கள். கேட்கத் துணிந்த மனம் பெரிது. நீங்களும் ஒரு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தான். இன்றைக்கு இரவு பத்து மணிக்கு அந்தப் பிள்ளை மறுபடியும் கேட்டால், ஒரு நிமிடம் எடுத்து இதை எழுதுங்கள்: “இஃப் வரி முடிவுல முக்காற்புள்ளி விட்டுப்போச்சு, சேர்த்துப் பாரும்மா. நானும் மொதல்ல இதே தப்பைத்தான் செஞ்சேன்.”