புனிதர் எந்த ஊர்க்காரர்?

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி புனிதர் எல்லோருக்கும் பொதுவானவர். தென் இத்தாலியிலிருந்து நியூயார்க் வந்த ஏழைகளுக்கோ அவர் முதலில் ஊர்க்காரர். 1861இல்தான் இத்தாலிய அரசு உருவானது. ‘இத்தாலியர்’ என்ற அடையாளம் பலருக்கும் கடல் கடந்த பிறகே ஒட்டியது.

நேப்பிள்ஸ் அருகிலுள்ள நோலா ஊரார், புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் தங்கள் புனித பவுலினுவுக்கு 1903இல் விழா தொடங்கினார்கள். கைம்பெண் ஒருத்தியின் மகனை மீட்கத் தம்மையே அடிமையாக ஒப்புக்கொடுத்த ஆயர் அவர் என்பது மரபுக்கதை. விடுதலையாகித் திரும்பியவரை ஊரார் லில்லி மலர்களோடு எதிர்கொண்டார்களாம். அந்த நினைவில் எழுவதே ஜிக்லியோ என்ற கோபுரம். பல மாடி உயரம், உச்சியில் புனிதரின் சுரூபம், கீழ்மேடையில் பேண்டு வாத்தியக்காரர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் அத்தனையையும் தோளில் ஏந்தி, இசைக்கு ஏற்ப ஆட்டிச் செல்வார்கள்.

நியூயார்க்கின் ஐரிஷ் குருக்கள் பலருக்கு இத்தகைய தெருப் பக்தி மூடநம்பிக்கையாகவே பட்டது. கிழக்கு ஹார்லெமின் கார்மேல் மாதா கோயிலில் இத்தாலியர் பல ஆண்டுகள் கீழ்த்தளத்தில்தான் வழிபட்டார்கள். அவர்களுடைய மதம் வீட்டிலும் தெருவிலும் வேர்கொண்டிருந்ததை மத ஆய்வாளர் ராபர்ட் ஓர்சியின் 1985ஆம் ஆண்டு நூல் பரிவோடு விளக்கியது.

ஊர்ப்பற்று திருச்சபையின் பொதுமைக்கு எதிரி என்ற கணிப்பு தவறு. வில்லியம்ஸ்பர்க் ஜிக்லியோ இன்றும் ஜூலை மாதத்தில் பங்குக் கோயிலின் விழாவாகவே எழுகிறது.