வைத்தியப் பேராசிரியரின் வருமானம்

அமெரிக்காவில் தர்ம ஸ்தாபனங்களாகப் பதிவு பெற்ற சர்வகலாசாலைகள், தங்களிடம் மிக அதிகச் சம்பளம் பெறுவோர் யார் யார் என்பதை ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். அக்கணக்கை எவரும் பார்க்கலாம். அவ்விதம் வெளிவந்த 2006-07ஆம் ஆண்டுக் கணக்குகளை ஒரு கல்விப் பத்திரிகை தொகுத்து 2009இல் வெளியிட்டது. பட்டியலில் முதலிடம் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கு! அடுத்த இடம் கொலம்பியா சர்வகலாசாலையின் தோல் வைத்தியப் பேராசிரியர் ஒருவருக்கு. அவர் பெற்றது 40 லட்சம் டாலருக்கு மேல். அந்தச் சர்வகலாசாலையின் தலைவர் பெற்றது அதில் பாதிகூட இல்லை.

கல்வியை இப்படி விலை கூறலாமா என்று நம்மவரில் சிலர் முகம் சுளிப்பார்கள். வியாபாரிகளாகிய நாம் முகம் சுளிக்குமுன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பதே முறை.

பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக இவ்வளவு பணம் வருவதில்லை. ஆராய்ச்சிக்காகவும் வருவதில்லை. அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி மானியத்திலிருந்து ஒருவர் சம்பளத்துக்கு எடுக்கக் கூடிய தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. 2024இல் அது ஆண்டுக்கு 221,900 டாலர். மீதியெல்லாம் நோயாளிகளைப் பார்ப்பதால் வருவது. பேராசிரியர்கள் பார்க்கும் நோயாளிகளின் கட்டணம் ஒரு பொதுப் பெட்டியில் சேர்கிறது. கல்லூரி முதல்வர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். துறை தன் செலவை எடுத்துக்கொள்கிறது. பிறகு அவரவர் செய்த வேலைக்கேற்பப் பங்கு பிரிகிறது. நமக்கு இது புதிதா என்ன? கடையின் பெயருக்காக வாடிக்கை வருகிறது. அந்த வாடிக்கையைப் பிடித்து வைத்திருப்பவர் கூட்டாளி. அவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனால் வாடிக்கையும் கூடவே போகும். அறுவை நிபுணர் ஒருவர் விலகினால் அவருடைய கட்டணம் மட்டுமா போகிறது? கட்டில் வாடகை, பரிசோதனை, மருந்து எல்லாமே போகும். ஆகவே ஆஸ்பத்திரி கேட்டதைக் கொடுத்து அவரை இருத்திக்கொள்கிறது.

ஆனால் எல்லாப் பேராசிரியருக்கும் இந்த யோகம் இல்லை. நீரிழிவுக்காரரை அரைமணி நேரம் உட்கார வைத்து, என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார் என்று விசாரித்து அவர் காலைக் காப்பாற்றுகிறவருக்குச் சொற்பமே கிடைக்கிறது. அந்தக் கால் அழுகிய பிறகு அறுக்கிறவருக்கு அதிகம். காரணம் தராசில் இருக்கிறது. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியாகிய மெடிக்கேர், 1992 முதல் ஒவ்வொரு வைத்தியச் செயலுக்கும் ஓர் எடை வைத்துக் கட்டணம் கொடுக்கிறது. அந்த எடைமுறையை வகுத்தவர் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் ஷியாவ். கையால் அறுப்பவருக்கும் வாயால் விசாரிப்பவருக்கும் இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே அவர் நோக்கம். ஆனால் எடையை அவ்வப்போது திருத்த ஆலோசனை சொல்வது அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் ஒரு குழு. அதில் பெரும்பான்மை தனித்துறை நிபுணர்கள். விற்பவனே படிக்கல்லையும் செதுக்கினால் எடை எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? வைத்தியக் கூலி பெரிதாக இருப்பதாலேயே அது தவறாகிவிடாது. அபூ ஸயீத் அல்-குத்ரீ (ரலி) அறிவிக்கும் சம்பவம் நாம் அறிந்ததே. பிரயாணத்தில் சென்ற ஸஹாபாக்களுக்கு ஒரு கூட்டத்தார் விருந்தளிக்க மறுத்தனர். பின்பு அவர்களுடைய தலைவனை விஷ ஜந்து தீண்டிவிட்டது. ஓர் ஆட்டு மந்தையைக் கூலியாகப் பேசிக்கொண்ட பிறகே ஸஹாபி பாத்திஹா ஓதினார். தலைவன் எழுந்து நடந்தான். ஆடுகளைப் பங்கிடத் தயங்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அவர்கள் அதை அனுமதித்ததோடு தமக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னார்கள். ஒரு மந்தை என்பது சின்னக் கூலியல்ல.

ஆனால் அங்கே கூலி முன்கூட்டியே பேசப்பட்டது. விஷம் தீண்டியிருப்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அமெரிக்க நோயாளிக்கு இவ்விரண்டும் இல்லை. ஆஸ்பத்திரிகள் விலைப் பட்டியலை வெளியிட வேண்டுமென்று அரசாங்கம் விதி செய்ததே சமீப காலத்தில்தான். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றுண்டு. உமக்கு அறுவை வேண்டும் என்று சொல்பவரும் அதனால் ஆதாயம் பெறுபவரும் ஒருவரே. துணி வாங்க வருபவருக்குத் தமக்கு எத்தனை முழம் தேவை என்று தெரியும், நோயாளிக்குத் தெரியாது. சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்ற விதிக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். வாங்குபவருக்குத் தேவையே இல்லை என்று அறிந்தும் மௌனமாக விற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எல்லா நிபுணரும் அப்படிச் செய்வதாக நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் நாணயஸ்தர்கள் என்றே நம்புகிறோம். எனினும் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய நாணயத்தை அவருடைய பங்குத் தொகைக்கு எதிரே நிறுத்திச் சோதிப்பது நல்ல ஏற்பாடாகாது.

முற்காலத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தது என்றும் நாம் சொல்லமாட்டோம். கலீபா ஹாரூன் ரஷீதின் வைத்தியர் ஜிப்ரீல் சேர்த்த செல்வம் சரித்திரப் பிரசித்தம். ஆனால் 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய ஆஸ்பத்திரிக்கு வக்பு சொத்துக்கள் இருந்தன. வைத்தியர் கூலி அவற்றிலிருந்தே வந்தது. நோயாளியின் பையை எதிர்பார்க்கத் தேவையில்லை. இரத்தம் நுரையீரல் வழியே சுற்றி வருவதை விளக்கிய இப்னு நபீஸ், 1288இல் மரணமானபோது தம் வீட்டையும் நூல்களையும் அந்த ஆஸ்பத்திரிக்கே விட்டுச் சென்றார்.

இது பழங்கதை, இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. மின்னசோட்டா மாகாணத்து மேயோ கிளினிக்கிலும், ஒஹையோ மாகாணத்து கிளீவ்லாந்து கிளினிக்கிலும் வைத்தியர்களுக்கு நிலையான சம்பளம். சொற்பச் சம்பளமல்ல, தாராளமான சம்பளம்தான். உலகெங்குமிருந்து நோயாளிகள் அங்கே போகிறார்கள். நிபுணர்களும் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் அங்கே ஓர் அறுவை நிபுணர், ‘உமக்கு இது தேவையில்லை, வீட்டுக்குப் போம்’ என்று நோயாளியை அனுப்பினாலும், மாத முடிவில் அவர் கைக்கு வருவது அதே தொகைதான்.