நாலாயிரவர் தளர்ச்சி

ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு மேற்கொண்ட நாளில் நாலாயிரம் அரசர்களும் அவருடன் துறந்தனர். ஸ்ரீபுராணம் ஓதிய இல்லங்களில் இதனை அறியாதார் இரார். ஆயினும் அந்நாலாயிரவர் பின்னர் என்னவாயினர் என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவ்விடத்திலேயே சற்று நின்று சிந்திக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அவர்கள் தத்துவம் உணர்ந்து துறந்தவரல்லர். தலைவன்பால் கொண்ட பற்றினால் துறந்தவர். பகவான் ஆறு திங்கள் உண்ணாநோன்புடன் அசையாது நின்றார். இவர்களோ பசியாலும் நீர்வேட்கையாலும் வாடினர். பகவான் கண் திறப்பார், ஒரு சொல் அருளுவார் எனக் காத்திருந்தனர். அவர் மோனத்திலேயே இருந்தார். நாடு திரும்பவும் அஞ்சினர். இறுதியில் மரவுரி உடுத்து, கனியும் கிழங்கும் உண்டு, காட்டிலேயே தங்கினர். முன்செல்லவும் பின்செல்லவும் வலியற்று நிற்கும் இந்நிலையே உள்ளத்தின் பெருந்தளர்ச்சி.

இத்தளர்ச்சி நம் இல்லங்களிலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பேணிவரும் மருமகள், விளைச்சலும் விலையும் ஒருசேரக் கைவிட்ட உழவர், பணி முடிந்து வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுவதால் இரவுண்ணா நோன்பைக் காத்துப் பசியோடே உறங்கும் மகள். பஞ்ச நமஸ்காரம் இவர்கள் நாவில் ஓடுகிறது, உள்ளமோ அசைவதில்லை. 'பக்தி குறைந்துவிட்டது' என்று சுற்றத்தார் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அது தகாது. நற்செயலில் அக்கறையின்மையாகிய பிரமாதம் வேறு. அரதி, சோகம் எனும் நோகஷாயங்களின் உதயம் வேறு. ஆற்றலைத் தடுக்கும் வீரியாந்தராயம் வேறு. ஆகமம் இவற்றைத் தனித்தனியே வைத்தே பேசுகிறது. வினையின் உதயமாதலால் இத்தளர்ச்சி ஆன்மாவின் இயல்பு அன்று; பயனளித்து உதிரக்கூடியதே.

ஆறு திங்கள் நிறைந்தபின் பகவான் உணவேற்கப் புறப்பட்டார். பின்வரும் துறவியர்க்கு நெறிகாட்டவே புறப்பட்டார் என்றும், உடலை முற்றிலும் வாட்டுதலும் ஆகாது, சுவையால் கொழுக்க வைத்தலும் ஆகாது என்றும் ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் விளக்குகிறார். ஆனால் மக்கள் அம்முறையை அறியார். யானையும் குதிரையும் அணிகலன்களும் கொணர்ந்து நீட்டினர். அன்பில் குறைவில்லை; தேவை இன்னதென்றுதான் தெரியவில்லை. மேலும் பல திங்கள் கழிந்தபின், அஸ்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறப்பு நினைவுற்று, கருப்பஞ்சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை. (நகைக்கடை விளம்பரங்களில் அந்நாள் அகப்பட்டுத் தவிப்பது வேறு கதை.)

தளர்ந்தவர்க்கு நாம் வழங்கும் அறிவுரைகள் பெரும்பாலும் அந்த யானைகளைப் போன்றவையே. அம்மருமகளுக்கு வேண்டியது ஓரிரவு முழு உறக்கம்; இரண்டு நாள் நாத்தனாரோ கொழுந்தனோ வந்து அப்பணியை ஏற்றால் அதுவே கருப்பஞ்சாறு. பணிக்குச் செல்லும் மகளுக்கு மாலையில் உண்ண மற்றொரு டப்பாவும் கட்டிக் கொடுக்கலாம். பல வாரங்கள் உறக்கமும் பசியும் நீங்கி, வாழ்வில் வெறுப்பு மிகுமாயின், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றன்றோ! மனநோய்க்கு மருந்துண்பதை மறைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே நீங்கவேண்டும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம், அதாவது தளர்ந்தாரை நிலைபெறுத்தல், தளராதவர்க்கு விதித்த கடமையாகும்.

தளர்ந்தவரும் தம்மைத் தாமே ஒறுத்துக்கொள்ள வேண்டா. தீர்த்தங்கரத் தன்மைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளில் தியாகத்திற்கும் தவத்திற்கும் மட்டும் 'ஆற்றலுக்கேற்ப' எனும் அடைமொழி அமைந்திருக்கிறது. ஏற்ற விரதத்தைக் கைவிடச் சொல்கிறோம் அல்லோம். ஊக்கம் திரும்பும் என எண்ணிப் புதிய நோன்புகளை மேன்மேலும் சுமக்க வேண்டா என்கிறோம். இரண்டு நாழிகை சாமாயிகம் அமர இயலாதார், இருபத்தேழு மூச்சில் ஒன்பது முறை நமஸ்கார மந்திரம் எண்ணும் காயோத்சர்க்கத்தோடு அன்றைக்கு நிறைவு கொள்ளலாம். உள்ளம் உருகவில்லையே என்று அப்போது ஆராய்ந்து கொண்டிருக்கவும் வேண்டா.

அந்நாலாயிரவர் கதை காட்டிலேயே முடிந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பகவான் கேவலஞானம் எய்தினார். அப்போது, தளர்ந்து வழிமாறிய அத்தாபதர், மரீசி ஒருவன் நீங்கலாக, பகவானின் திருமுன் தெளிவு பெற்று மீண்டும் தீட்சை ஏற்றனர். விலகி நின்ற அம்மரீசியே எண்ணற்ற பிறவிகளில் உழன்று, பின்னர் வர்த்தமானராய்த் தோன்றினார்.